ஒன்பது பக்கக் கட்டுரை

“‘ஆர்வங்கள்’னு ஒரு கட்டம் விட்டிருக்காங்க. அதுல என்னங்க எழுதறது?” என்று கேட்டாள் லீலாவதி.

ஆர்.கே.புரத்துத் தமிழ்ச் சங்கத்திலிருந்து வந்த படிவம் அவள் மடியில் இருந்தது. அன்று மாலை அங்கே பேராசிரியர் பூவராகவனுக்குப் பாராட்டு விழா. மேடையில் வாசிக்க வாழ்க்கைக் குறிப்பு வேண்டும், மதியத்துக்குள் வேண்டும். நாற்பது வருஷம் டெல்லியில் கணித இயற்பியல் கற்பித்த மனிதருக்குத் தமிழில் நாலு வரி எழுதச் சொன்னால் கை ஓடாது. அந்த வேலை எப்போதும் மனைவி தலையில்தான் விழும்.

“கச்சேரி கேக்கறது, செஸ், லோதி கார்டன்ல நடக்கறது. போதும்.”

எழுதிக்கொண்டாள். “அடுத்தது ‘முக்கியச் சாதனை’. வெப்பம் பரவறதைப் பத்தி உங்க பேர்லயே ஒரு தேற்றம் இருக்கே, அதைப் போட்டுடறேன். எந்த வருஷம் அது, ரெண்டாயிரத்து ஏழா?”

“அதை எழுதாதே, லீலா.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பால்கனியில் குளிர்கால வெயில் காய்ந்துகொண்டிருந்தவர் நாற்காலியை உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டார். அவருக்கு வெட்கமாக இருந்தது. மனைவி முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

“அது முழுக்க என்னோடது இல்ல.”

இத்தனை வருஷம் தொண்டையில் நின்ற விஷயம், ஆரம்பித்த பிறகு நிற்கவில்லை.

“ரெண்டாயிரத்து நாலுல ஒரு பத்திரிகைக்காரங்க, ஒரு கட்டுரையைப் படிச்சு அபிப்பிராயம் சொல்லுங்கன்னு எனக்கு அனுப்பினாங்க. எழுதினவன் பேர் எனக்குத் தெரியாது, என் பேர் அவனுக்குத் தெரியாது. ரெண்டு பக்கமும் பேரை மறைச்சிடறது அவங்க வழக்கம். ஒன்பதே பக்கம். பெரிய சங்கதி எதுவும் இல்ல, காலேஜ் பையனுக்குத் தெரிஞ்ச கணக்கை வச்சே கடைசி வரைக்கும் போயிருந்தான். எனக்கு இளக்காரமாப் போச்சு. பத்து நிமிஷம் புரட்டினேன், தப்புன்னு எழுதித் திருப்பி அனுப்பிட்டேன்.”

“தப்பா இருந்துதா?”

“இல்ல. ரெண்டு வருஷம் கழிச்சு நான் என் கணக்குல ஒரு இடத்துல முட்டிக்கிட்டு நின்னேன். அப்ப அந்த நாலாம் பக்கம் ஞாபகம் வந்துது. அதைப் பிடிச்சுத்தான் தாண்டினேன். ‘முன்னாடி ஒருத்தர் பண்ணினது’ன்னு அடிக்குறிப்பு ஒண்ணு போட்டிருக்கலாம். பேர் தெரியாதேன்னு சாக்குச் சொல்லிக்கிட்டேன். போடல.”

லீலாவதி பேனாவை மூடினாள்.

“திருப்பி அனுப்பறப்ப என்னன்னு எழுதினீங்க?”

“மூணு வரி. முதல் ரெண்டுல தப்புன்னு எழுதினேன். மூணாவது…” பேராசிரியருக்குக் காது நுனி வரை சிவந்துவிட்டது. “அது வேண்டாம். அதை இது வரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. அப்படி எழுதினவன் நான்னு நெனச்சாலே கூசுது.”

அவள் வற்புறுத்தவில்லை. படிவத்தை இரண்டாக மடித்து, மறுபடி பிரித்தாள்.

“யார் எழுதினதுன்னு அப்புறமாவது தெரிஞ்சுதா?”

“கல்யாணராமன். வேற யாரு? எங்க டிபார்ட்மென்ட்ல எனக்கு ஜூனியரா இருந்தானே. அந்த வருஷந்தான் திடீர்னு எல்லாத்தையும் விட்டுட்டு பேங்க்ல போய்ச் சேர்ந்தான். ஏண்டான்னு கேட்டேன், சிரிச்சு மழுப்பிட்டான். இன்னிக்கு நொய்டாவுலேர்ந்து விழாவுக்கு வரேன்னிருக்கான். எனக்குச் சால்வை போத்தினதும் அதை அவனுக்குப் போத்தி, மைக்கிலயே மன்னிப்புக் கேட்டுடப்போறேன்.”

சொல்லி முடித்ததும் அவருக்கு மூச்சு லேசானது. பாரத்தை இறக்கி வைக்க ஓர் ஆள் கிடைத்துவிட்டால் மனிதனுக்கு அரைப் பாவம் கழிந்த மாதிரிதான் இருக்கும். பூவராகவனும் அரைப் பாவம் கழிந்த திருப்தியில் கால்களை நீட்டிக்கொண்டார்.

“அவர்கிட்ட கேக்காதீங்க” என்றாள் லீலாவதி.

“ஊர் முன்னால மானம் போயிடுமேன்னு பாக்கறியா? போகட்டும்.”

“அதுக்குச் சொல்லல.”

“உனக்கு இது புரியாது, லீலா. நீ முப்பது வருஷம் ஸ்கூல்ல டுவெல்த் பசங்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவ. விடியக்காலம் எழுந்து டைனிங் டேபிள்ல உக்காந்து பேப்பர் திருத்தினவ. அங்க தப்புன்னு சுழிச்சா அந்தப் பையனுக்கு ரெண்டு மார்க்கு போகும், அவ்வளவுதான். இங்க சுழிச்சா அந்த ஆளே போயிடுவான்.”

லீலாவதி எழுந்து வந்தாள். ‘முக்கியச் சாதனை’ என்ற கட்டம் காலியாகவே இருந்த படிவத்தை அவர் மடியில் வைத்தாள்.

பிறகு, அவர் யாரிடமும் சொல்லாத அந்த மூன்றாவது வரியை, அவர் எழுதிய ஆங்கிலத்திலேயே ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னாள். கட்டுரையாளர் இனிமேல் பள்ளிக்கூடக் கணக்கோடு நிறுத்திக்கொண்டால் அவருக்கும் நேரம் மிச்சம், நமக்கும் நேரம் மிச்சம் என்ற அந்த வரியை.

“நிறுத்திக்கிட்டேங்க” என்றாள்.