வீட்டுக்குள் ஒரு நடை

கட்டிலின் தலைமாட்டில் மகன், கால்மாட்டில் மருமகள், ஜன்னலோரம் மகள், கதவருகே மூளை மருத்துவர். நடுவில், எட்டு மாதமாக அசைவின்றிக் கிடந்த அம்மா.

“வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறோம் டாக்டர். சாப்பாட்டுக் குழாயை எடுத்துட்டா பத்து நாள்ல முடிஞ்சிடுமாமே?” என்றான் மகன்.

“அவங்க ரூம்ல என் தையல் மெஷினைப் போட்டாச்சு. பத்து நாள்தானே, கூடத்துல கிடக்கட்டும்,” என்றாள் மருமகள்.

“மெதுவா பேசுங்க அண்ணி, அம்மா காதுல விழப்போகுது,” என்றாள் மகள்.

“சுவத்துக்காவது காது உண்டும்பாங்க. இவங்களுக்கு அதுவும் இல்ல.”

மூவரும் சிரித்தார்கள்.

“எதுக்கும் ஒரே ஒரு ஸ்கேன் எடுத்துடறேன். முடிவைத் தபால்ல அனுப்புறேன்,” என்றார் மருத்துவர்.

மறுநாள் ஸ்கேன் குழலுக்குள் கிடந்த அம்மாவிடம் அவர் ஒலிபெருக்கியில் பேசினார்.

“நான் கேக்கிறதுக்கு ஆமான்னா, பந்து வீசுறதா நினைச்சுக்குங்கம்மா. இல்லைன்னா, உங்க வீட்டுக்குள்ள நடக்கிறதா நினைச்சுக்குங்க. ரெண்டுக்கும் மூளையில வேற வேற இடம் வேலை செய்யும். அதை வச்சு நான் தெரிஞ்சுக்குவேன்.”

அன்று மாலையே அவர் மகனுக்குக் கடிதம் எழுதினார்.

“தங்கள் தாயார் முழு நினைவோடு இருக்கிறார். நேற்று நாம் பேசியது கேட்டதா என்றேன். ஆம் என்றார். வீட்டுக்குப் போக விருப்பமா என்று ஐந்து முறை கேட்டேன். ஐந்து முறையும் இல்லை என்றார். அதைச் சொல்வதற்காக, பாவம், ஐந்து முறையும் அந்த வீட்டுக்குள்தான் மனதால் நடக்க வேண்டியிருந்தது.”

உறையை ஒட்டி, முகவரியைச் சரிபார்த்து, பதிவுத் தபாலில் அனுப்பினார்.