பிடரி

ராணிப்பேட்டைத் தோல் கிடங்கில் எட்வினைத் தவிர மற்றதெல்லாம் இயந்திரங்கள். முன்பு ஆட்கள் இருந்தபோது, குளிக்கப் போகுமுன் ஒருவர் பிடரியில் புண் ஏதும் உண்டா என்று ஒருவர் பார்த்துச் சொல்வார்கள். மாட்டுத் தோலில் வரும் ஆந்த்ராக்ஸ் கிருமி உடம்புக்குள் நுழைந்ததும் போர்வைபோல் ஓர் உறையைப் போர்த்திக்கொள்ளும். உடம்பின் காவலுக்கு அதை அடையாளம் தெரியாது. அது கக்கும் விஷத்தில் புண் கருகிப்போகும், வலிக்காது.

வாசல் இயந்திரம் வழக்கம்போல் கேட்டது: "வலி இருக்கிறதா?"

"இல்ல."

கதவு திறந்தது.

சலூனில் முடிவெட்டும் முருகையன் எட்வினின் காலரை மடக்கினான். மாதக்கணக்கில் அவன்மேல் பட்ட ஒரே மனிதக் கை அது.

"அண்ணே, பிடரியில என்னது கருப்பா? வலிக்கலயா?"

எட்வினுக்குப் புரிந்துவிட்டது. "வலிக்கல. மொதல்ல கையக் கழுவு. அப்புறம் ஆஸ்பத்திரிவரைக்கும் கூட வரியா?"

முருகையன் கையைக் கழுவினான். கழுவிக்கொண்டே இருந்தான்.