பிழையே இல்லாத புள்ளி

திரையில் ‘பிழை: பூஜ்ஜியம்’ என்று வந்ததும் சர்வே துறை டைரக்டர் கை தட்டினார். உடனே அறையே தட்டியது.

சர்வேயர் மட்டும் தட்டவில்லை.

மலையைக் குடையும் சுரங்கத்துக்கு மட்டம் பிசகாமலிருக்க, நாற்பத்தோரு இடங்களில் புவியீர்ப்பு அளந்திருந்தார்கள். நாற்பது புள்ளிகள் கணக்கோடு கொஞ்சமாவது முரண்டு பிடித்தன. இருபத்துமூன்றாம் புள்ளி மட்டும் மயிரிழைகூட விலகாமல் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

உட்காராமல் என்ன செய்யும்? அதைப் பெற்றதே அந்தக் கணக்குதானே!

அந்தப் புள்ளி மலையுச்சியில். ஆடுகூட ஒருமுறை யோசித்துவிட்டுத்தான் ஏறும். அங்கிருந்து வானத்துக்கு நாலு படிதான் பாக்கி. உச்சிப் பாறையில் பித்தளை ஆணி அடித்து, அதன்மேல் கருவியை வைத்து அளக்க வேண்டும். அன்று சர்வேயரின் முட்டி பூசணிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. அடிவாரத்தில் ஜீப்பை நிறுத்தி, மடிக்கணினியைத் திறந்தார்.

மீச்சிறு வர்க்கக் கணக்கு பலே கெட்டிக்காரக் கணக்கு. பூட்டிய வீட்டைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிப்பதுபோல, அளக்காத இடத்தைப் பற்றி அளந்த இடங்களிடம் விசாரிக்கும். பக்கத்து வீடு சொன்னால் முழுக் காது. நாலு தெரு தள்ளி என்றால் அரைக் காது. எல்லாவற்றையும் கலந்து, இருப்பதிலேயே குறைந்த பிழையோடு ஓர் எண்ணைச் சொல்லும்.

அந்த எண்ணை, அளந்த எண்ணாகக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு வந்துவிட்டார்.

இன்று கணக்கு, தான் சொன்னதைத் தானே கேட்டுத் தலையாட்டுகிறது.

“இனிமே இதுதான் நமக்கு ஆதாரப் புள்ளி. சுரங்கத்த ரெண்டு பக்கமும் இத நம்பித்தான் குடையப் போறோம்,” என்றார் டைரக்டர்.

ஊரே பன்னிரண்டு வருஷமாகக் குடத்தோடு காத்திருக்கும் தண்ணீர் வரவேண்டிய சுரங்கம். மலைக்குள் ஈர்ப்பைக் கூட்டிக் குறைக்கிற எந்தப் பாறை ஒளிந்திருக்கிறது என்று சுற்றுவட்டாரப் புள்ளிகளுக்கு என்ன தெரியும்? எண் தப்பென்றால் ஒரு குகை மேலே போகும், இன்னொன்று கீழே போகும், தண்ணீர் நடுவில் நின்று திருதிருவென்று முழிக்கும்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். நாக்கு முட்டியைவிட மோசமாக வீங்கிக் கிடந்தது.

ஒரே நம்பிக்கை, சரிபார்ப்பு மேடம். போன வாரம் அந்தப் புள்ளியை மறுபடி அளக்கப் போனவர். டைரக்டரின் கையெழுத்திலேயே எழுத்துப்பிழை கண்டுபிடிக்கிறவர். அவர் போட்டு உடைத்துவிடுவார். வேலை போகும், போகட்டும், சுரங்கம் பிழைக்கும்.

மேடம் எழுந்தார். சர்வேயர் கண்ணை மூடிக்கொண்டார்.

“அண்ணன் எழுதுன அதே எண்ணுதான் சார் எனக்கும் வந்துச்சு, கடைசி தசமம்கூடப் பிசகல! உச்சியில ஆணிய என்ன கச்சிதமா அடிச்சிருக்காரு, வெயில்ல பளபளன்னு மின்னுது!”

மறுபடி கைதட்டல். மேடமும் தட்டினார், எல்லாரையும்விடக் கொஞ்சம் பலமாக.

சர்வேயர் வியர்வையைத் துடைக்கக் கைக்குட்டையைத் தேடித் தோள்பைக்குள் கை விட்டார். அடியில் சில்லென்று ஏதோ தட்டுப்பட்டது.

பித்தளை. அதன் தலையில் செதுக்கியிருந்ததை விரலே வாசித்தது: இருபத்துமூன்று.