மாங்காய் படத்தின் ஊர்சுற்றல்

ஒரு செல்போனுக்குள் பொறாமை குடியிருக்க இடம் போதுமா, சொல்லுங்கள்? தையல்கார மேகலையின் போனில் போதுமானதாக இருந்தது. ஜாக்கெட்டில் பூவேலை செய்ய அவள் ஒரு மயில் படமும் ஒரு மாங்காய் படமும் விலைக்கு வாங்கியிருந்தாள். இரண்டின் ஓரத்திலும் அவற்றை வரைந்த பூங்கோதையின் பேர் இருந்தது. மயிலைத் தைத்துக்கொள்ளலாம், படமாக விற்கக் கூடாது. மாங்காயை யாரும் விற்கலாம், பேரைக்கூட மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். வாங்கும்போதே பேசிய பேச்சு அது.

மேகலை விற்க விற்க, மாங்காய் தினம் ஒரு போனுக்குக் கிளம்பும். "நான் ஊர் சுத்திட்டு வரேன்க்கா, நீ வீட்டுக்குக் காவல் இரு" என்று பழிப்புக் காட்டும். மயிலுக்கு வயிறு எரியும். "இவளுக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்கு?" என்று பொருமும்.

கைமாறிக் கைமாறி, ஒருநாள் மாங்காய் மேகலையின் போனுக்கே திரும்பி வந்தது. அதன் ஓரத்தில் யாரோ ஒரு கடைக்காரரின் பேர்.

"இது யாருடி?" என்றது மயில்.

"கடைசியா வித்தவர்க்கா. அதுக்கு முன்னால எத்தனையோ பேரு மாறிடுச்சு." மாங்காயின் குரல் இறங்கியது. "நம்மளை வரைஞ்சவ பேரே மறந்துபோச்சு. உன் ஓரத்தைக் கொஞ்சம் இப்படித் திருப்பேன்க்கா, வாசிச்சுக்கறேன்."