கோல்கீப்பர் வேண்டாம்

மொன்றியல் செயின்ட்-மிஷேலில், தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் மன்னார்க்காரரின் உதைபந்தாட்டக் கழக நிர்வாகிகள் மூவர் கூடியிருந்தார்கள். இந்த ஆண்டு இருவரை மட்டுமே எடுக்க முடியும்.

“முதல் டினோஜன். அவன்ரை இடது காலைக் கண்டால் டொரண்டோக்காரர் அழுவினம்,” என்றார் தலைவர் அருமைராசா.

“ஓம் அண்ணை. மற்றது துஷாந்தன். போன கோடையிலை நல்ல கோல்கீப்பர் இல்லாமல் ஒன்பது கோல் வாங்கினனாங்கள்,” என்றான் மைக்கல்.

செயலாளர் செலீன் மறுத்தாள். “துஷாந்தன் வேண்டாம். றெஜினோல்டை எழுதுவம்.”

மைக்கல் சிரித்தான். “பந்தைக் கண்டால் விலகி ஓடுறவனையோ? சொந்தத் தம்பி துஷாந்தனை விட்டிட்டு ஆரும் அவனை எடுப்பினமோ?”

“றெஜினோல்டின்ரை கடைசிப் பிள்ளைக்கு மூச்செடுக்க ஏலாது. முகாமிலை இன்னொரு மழைக்குத் தாங்காது.”

மேசையில் கிடந்தவை, தமிழ்நாட்டின் மண்டபம் அகதி முகாமிலிருந்து கனடாவுக்கு அழைப்பதற்கான விண்ணப்பங்கள். இந்தத் தேவாலயத்தால் இரண்டு குடும்பங்களுக்குத்தான் பொறுப்பேற்க முடிந்தது; யாரை என்று முடிவெடுப்பதைக் கழகத்திடம் விட்டிருந்தார்கள்.

செலீன் றெஜினோல்டின் பெயரை எழுதினாள்.

“தம்பிக்கு என்னெண்டு சொல்லப்போறாய்?” மைக்கல் மெல்லக் கேட்டான்.

“நான் சொல்லத் தேவையில்லை. தன்ரை பெயரை வெட்டச் சொல்லி நேற்றுப் போனிலை கெஞ்சினவன் அவன்தான்.”