வராத மான்

"கண்ணு தெரியாதவங்களும் மான் சுடலாமாம். வர்றியா, ஆர்டிஸ்?"

ஆர்டிஸின் பார்வை பறிபோன அந்த வருடம் அவள் கணவன் லேலண்ட் கேட்டான். ஓர் உயிரைக் கொல்ல அவளுக்கு மனமில்லை. ஆனாலும் அவன் ஆசைக்காகத் தலையாட்டினாள். அதன்பின் மறுக்க வாய் வரவேயில்லை.

ஒவ்வொரு நவம்பரிலும் காட்டுக்குள், மான் கண்ணில் படாத மறைவுக் கூண்டில் துப்பாக்கியோடு உட்காருவாள். வழிகாட்டி ஆரின் பின்னால் நின்று அவள் தோளைத் தொட்டபடி இருப்பார். தட்டிய பக்கம் துப்பாக்கியைத் திருப்ப வேண்டும். அழுத்தினால் சுட வேண்டும். அந்த அழுத்தத்தை நினைத்தே அவளுக்கு வியர்க்கும்.

ஆறாவது நவம்பரிலும் மாலையில் ஆரின், "இந்த வருஷமும் ஒண்ணும் வரலம்மா," என்றார்.

இருவரும் கேபினுக்குத் திரும்பியதும் லேலண்ட் ஆரினைப் பார்த்துச் சிரித்தான். "ஆறு வருஷமா ஒண்ணுகூடவா வரல? கண்ணு தெரியாதது அவளுக்கா, உங்களுக்கா? அடுத்த தடவை இன்னொரு வழிகாட்டி இருக்கானே, டுவேன், அவன் கூட்டிட்டுப் போகட்டும். அவன் போனா மான் தப்பாது."

"ஆரினே இருக்கட்டுமே," என்றாள்.

"பாவம், நீ ஏமாந்தது போதும்."

அவள் ஏமாறவில்லை. ஆறு வருடமும் மான்கள் வந்தன. சருகை மிதித்து, மூச்சு கேட்கும் தூரத்தில் நின்றன. ஒவ்வொரு முறையும் ஆரினின் கை அவள் தோளிலேயே இருந்தது; அழுத்தவே இல்லை. இதைச் சொன்னால் ஆரினைக் காட்டிக்கொடுத்தது போலாகும்; எப்படிச் சொல்வாள்?

கதவு திறந்து மூடியது. ஆரின் போய்விட்டார்.