ஒரு கை கொசுறு

"எவனோ வேணும்னே கை வெச்சிருக்கான். என் லேசர் தானா கெட்டுப்போற ரகம் இல்ல."

காலையிலிருந்து கருவி பார்க்கும் பர்ஜோ ஐயா, ஊர் வழக்கில் பாக் பர்ஜோ, போட்ட சத்தத்தில் இந்தோனேசியாவின் மெராபி எரிமலையே கொஞ்சம் அடக்கமாகப் புகைந்துகொண்டிருந்தது.

கண்காணிப்பு நிலையத்திலிருந்து பச்சை, சிவப்பு என இரண்டு லேசர்கள் ஒரே கணத்தில் கிளம்பி, உச்சியில் ஒரே பாறையில் பட்டுத் திரும்பும். திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் தெரியும். பாறை நகர்ந்தால் கீழே ஊரைக் காலி செய்ய வேண்டியதுதான். நாலு நாளாக மூடியிருந்த மேகம் விலகி இன்று சுட்டுப் பார்த்தால், பாறை ஒரு முழம் தள்ளியிருக்கிறது என்கிறது சிவப்பு. பச்சை இல்லை என்கிறது.

மதியம் தலைமை அலுவலக ஆட்கள் வருகிறார்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், இங்கே பராமரிப்பு சரியில்லை என்று கருவியைக் கழற்றி வேறு மலைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். பதினோரு வருஷம் பர்ஜோ துடைத்துத் துடைத்துக் காப்பாற்றிய கருவி. சும்மா விடுவாரா? பெருக்கும் சுகியெமைத் திட்டினார். ஓட்டுநரைத் திட்டினார். செய்தவன் எவனானாலும் நிலையம் முழுக்க சத்தே, குச்சியில் சுட்ட ஆட்டுக்கறி, வாங்கிப் போடணும் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

ஆய்வாளர் லாரஸ் மட்டும் மேஜைக்கு அடியில் புகுந்து எதையோ கையால் அளந்துகொண்டிருந்தாள்.

"பாக், சிவப்போட கம்பியை எலி கடிச்சுதுன்னு மேகம் மூடியிருந்தப்ப மாத்தினீங்களே. எங்க வாங்கினது?"

பர்ஜோவின் முகம் மலர்ந்துவிட்டது. பழைய சாமான் சந்தையில் கடைக்காரன் விலையில் இறங்கவே இல்லையாம். மூன்று தடவை போவதுபோல் நடந்து காட்டி, ஒரு கை நீளம் கொசுறு பிடுங்கிவிட்டாராம்.

"வெட்டலையா?"

"ஓசியில வந்ததை யாராவது வெட்டுவாங்களாம்மா? அப்படியே மாட்டிட்டேன்."

லாரஸ் இரண்டு கம்பிகளையும் சேர்த்து நீட்டிப் பிடித்தாள். சுடு என்ற உத்தரவு இரண்டிலும் ஒன்றாகத்தான் கிளம்புகிறது. நீளக் கம்பியில் ஒரு துளி பிந்திப் போய்ச் சேருகிறது. கடிகாரமோ உத்தரவோடேயே ஓடத் தொடங்கிவிடுகிறது. அந்தத் துளிதான் மலையில் ஒரு முழம்.

பர்ஜோ கம்பி வெட்டும் குறடு எடுத்தார். வெட்டினார். சுட்டார்கள். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டின. சுகியெம் வாளியில் தாளம் போட்டாள்.

மதியம் வந்தவர்கள் என்ன பழுது என்று விசாரித்தபோது, கம்பி நீளம், சரிசெய்தாயிற்று என்று மட்டும் சொன்னாள் லாரஸ். யார் பெயரையும் சொல்லவில்லை. பர்ஜோவால்தான் பொறுக்க முடியவில்லை.

"மாட்டினது நான்தாங்க. இவங்க யாரும் இல்ல."

அவர்கள் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள். கருவி இங்கேயே இருக்கும்.

பர்ஜோ பைக் சாவியை எடுத்தார். ஐம்பது குச்சி சத்தேக்கு அஞ்சு கொசுறு வாங்காமல் வரப்போவதில்லை என்று வாசலில் நின்று வீறாப்பாகச் சொன்னார்.

காலையில் திட்டு வாங்கிய சுகியெம் துடைப்பத்தோடு வழியை மறித்தாள்.

"கொசுறே வேண்டாம், பாக். இந்த ஒரு தடவையாவது அளவா, சரியா வாங்கிட்டு வாங்க."